இடக்கையனின் மூன்றாவது தோல்வி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அது யாருடைய மூக்காவது உடைபடும் நேரம். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் குத்துச்சண்டை சிட்னியில் எங்களுக்கு ஞாயிறு மத்தியானம்தான் வந்து சேரும். காலையில் கோயிலுக்குப் போய், அர்ச்சனை முடித்து, குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா வேட்டியைக்கூட மாற்றாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். நெற்றியில் திருநீறு அப்படியே இருக்கும். சற்று முன்னர் கண்ணை மூடித் தேவாரம் பாடிய அதே வாயால், "விலாவுக்குக் குடு, விலாவுக்குக் குடு" என்று கத்துவார். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக எங்கள் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை.

அந்த மத்தியானங்களுக்குத் தவறாமல் வருகிறவர் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். அவர் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். அப்பா பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறினார். இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் அப்பா அம்மாவைத்தான் கூப்பிடுவார். ஆனாலும் எவன் எந்த றவுண்டில் கையைத் தாழ்த்தினான், எவனுக்கு எப்போது மூச்சு வாங்கியது என்பதெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். சண்டை எப்போதாவதுதான் நடக்கும். சண்டையைப் பற்றிய சண்டை எல்லா ஞாயிறும் நடக்கும்.

எனக்குப் பத்து வயதாக இருந்த வருடம் அந்த வாதமெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. பாரம் கூடிய பிரிவில் அப்போது ஒரு சாம்பியன் இருந்தார். அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. அவரோடு அடுத்ததாக மோதும் தகுதி யாருக்கு உண்டு? வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் எங்கள் நாக்குக்கு வராதவை என்பதால் அப்பா அவர்களுக்குப் புதுப்பெயர் சூட்டியிருந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த நெடியவன் 'தென்னமரம்'. ஒரு சண்டையிலும் தோற்காதவன். அவன் அப்பாவின் ஆள். இரண்டாமவன் 'கிழவன்'. நாற்பதை நெருங்கியும் வருடக்கணக்காக முன்வரிசையில் நின்றான். சாம்பியன் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் மாமாவின் ஆள். மூன்றாமவன் மெக்சிக்கோவில் பிறந்த 'இடக்கையன்'. இரண்டு தடவை தோற்றவன், இரண்டும் புள்ளிக் கணக்கில். அவன் எங்களோடு இருந்த சின்னம்மாவின் ஆள். ஆகவே எனக்கும் அவன்தான் ஆள்.

அப்பாவின் வாதம் சுருக்கமானது. தோற்காதவன் ஒருவன் இருக்கும்போது தோற்றவனைப் பற்றி என்ன பேச்சு என்பார். மாமாவுக்கு வரிசைதான் முக்கியம். முதலில் வந்து நின்றவனுக்கு முதலில் கொடுக்காவிட்டால் உலகத்தில் ஒழுங்கு என்று ஒன்று மிஞ்சாது என்பார். இருவரும் தொண்டை கட்டும்வரை கத்தி ஓய்ந்த பிறகு குசினி வாசலிலிருந்து சின்னம்மாவின் குரல் வரும்.

"அத்தான், உங்கட தென்னமரம் தோக்கேல்லைத்தான். ஆனா ஆரோட அடிபட்டவன்? எல்லாம் பென்ஷன் எடுக்கிற ஆக்கள். தோத்தவன் ஆரிட்டைத் தோத்தவன், எப்பிடித் தோத்தவன் எண்டெல்லோ பாக்க வேணும்."

சின்னம்மா அம்மாவின் தங்கை. பரமட்டாவுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தார். சிட்னிக்கு வந்த புதிதில், வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த மாதங்களில்தான் அப்பாவோடு சேர்ந்து குத்துச்சண்டை பார்க்கத் தொடங்கியிருக்கிறார். முதலில் கையால் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு விரலிடுக்கு வழியாக, பிறகு அப்பாவைத் திருத்திக்கொண்டு. எங்கள் வீட்டில் சின்னம்மா சொன்ன றவுண்டிலோ புள்ளியிலோ பிழை கண்டுபிடித்தவர் கிடையாது. அப்பா சந்தேகப்பட்டுத் தான் பதிவு செய்து வைத்திருந்த வீடியோ கசற்றைப் போட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கசற்றைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிடுவார். நானும் சின்னம்மாவும் ஒரே அறையில் படுத்தோம். அவருடைய கட்டிலுக்கும் என்னுடைய கட்டிலுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத்தான் இடம். எனக்கு அதைவிடப் பெரிய வசதி உலகத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அவருக்கு முப்பது தாண்டிவிட்டது, இன்னும் கல்யாணமாகவில்லை என்பது அம்மாவின் கவலை. அதற்குக் காரணமாக ஒரு சொல் வீட்டில் உலவியது: லண்டன். சிட்னிக்கு வருவதற்கு முன்னர் சின்னம்மா லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மணப்பெண்ணாகத்தான் போனார். ஆனால் அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் யாராவது பேசத் தொடங்கினால் அம்மா என்னை வெளியே உடுப்புக் காயப்போட அனுப்பிவிடுவார், மழை பெய்தாலும்.

பேசி வந்த சம்பந்தங்கள் இரண்டு அந்த ஒரு சொல்லால் கலைந்து போயிருந்தன. ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகப் போகும். பிறகு யாரோ யாருக்கோ போன் பண்ணி லண்டன் விஷயத்தைச் சொல்லுவார்கள். அடுத்த கிழமை அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இருக்காது. அம்மா இதிலிருந்து படித்துக்கொண்டது, விஷயத்தைப் பிறகு, மெதுவாக, எல்லாம் முற்றான பின்னர் சொல்ல வேண்டும் என்பது. சின்னம்மா படித்துக்கொண்டதோ முதல் நாளே, தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் குசினியில் பல சட்டி பானைகள் சத்தமாக வைக்கப்பட்டன.

அந்த நேரத்தில்தான் மெல்பேர்னில் கிரான்பர்னிலிருந்து ஒரு அன்ரி போன் பண்ணினார். சிவா என்று ஒரு பொடியன், எஞ்சினியர், நல்ல குடும்பம், சாதகமும் பொருந்துகிறது. சிநேகிதன் ஒருவனோடு சிட்னிக்கு ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்கு வருகிறான்; வருகிற வழியில் உங்கள் வீட்டுக்கும் சும்மா வந்து போவான். இந்தச் 'சும்மா'வை அன்ரி நன்றாக இழுத்துச் சொன்னாராம். சின்னம்மா தன் பங்குக்கு நிபந்தனைகள் போட்டார். படம் அனுப்பவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். சேலை உடுக்க மாட்டேன். தட்டத்தில் தேநீர் கொண்டுவந்து நீட்ட மாட்டேன்.

"வாறவர் வரட்டும், அக்கா. ஆனா லண்டன் விஷயத்தை அண்டைக்கே நான் அவருக்குச் சொல்லுவன்."

"எப்பிடியடி சொல்லுவாய்? ரீயோட சேத்தோ குடுக்கப் போறாய்?"

"எப்பிடியோ சொல்லுவன். சொல்லாட்டி ஆரும் வரத் தேவையில்லை."

கடைசியில் எல்லோரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்க வரவில்லை. யாரோ சும்மா வருகிறார்கள். நாங்களும் சும்மா வீட்டில் இருக்கிறோம். நாளும் குறித்த பிறகுதான் அப்பா கண்டுபிடித்தார், அது சாம்பியன் கோதாவில் இறங்கும் ஞாயிற்றுக்கிழமை என்று. அன்றைய சண்டை முடிந்ததும் அடுத்தது யாரோடு என்பதை அவர் வாயைத் திறந்து சொல்லக்கூடும் என்ற எதிர்பார்ப்பு வேறு. அப்பா ஒரு முழு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு அவருக்கே வழி தெரிந்தது. சும்மா வருகிறவர்கள்தானே, அவர்களும் சும்மா இருந்து சண்டை பார்க்கட்டும் என்றார்.

என் நிலைமை வேறு. இது சரிவந்தால் சின்னம்மா மெல்பேர்னுக்குப் போய்விடுவார், பக்கத்துக் கட்டில் வெறுமையாகிவிடும் என்பதை நான் கணக்குப் பண்ணி வைத்திருந்தேன். அதை நினைத்தாலே அழுகை வந்தது. அன்று காலை கோயிலில் பிள்ளையாரிடம் நான் கேட்டதெல்லாம், அந்தச் சிவா வழிதவறிப் போக வேண்டும் என்பதுதான். பிள்ளையார் என்ன செய்தார் என்றால், ஒரு சிவாவுக்கு இரண்டு சிவாவாக அனுப்பிவைத்தார்.

வாசல் மணி அடித்தபோது டிவியில் சாம்பியன் கோதாவை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அப்பா ஒரு கண்ணை டிவியில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். வாசலில் இரண்டு பேர். நெட்டையாக, நீளக்கைச் சட்டையோடு, கையில் பலகாரப் பெட்டியோடு நின்றவர், "நான் சிவா அங்கிள்" என்றார். அவருக்குப் பின்னால் கண்ணாடி போட்டு, சாதாரண ரீசேட்டில் நின்றவர் சிரித்துக்கொண்டு, "நானும் சிவாதான் அங்கிள்" என்றார்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சிவகுமாரனோ சிவநேசனோ சிவபாலனோதான். இங்கே வேலைக்குப் போனதும் வெள்ளைக்காரர் எல்லோரையும் சிவா ஆக்கிவிடுவார்கள். ஊரில் என்றால் இன்னாருடைய மகன் என்று கேட்டுப் பிரித்துவிடலாம். இங்கே அதையும் கேட்க முடியவில்லை. ஏனென்றால் ஒருவரும் ஒருவரையும் பார்க்க வரவில்லை என்று நாங்கள்தான் முடிவு செய்திருந்தோமே. பார்க்க வராதவர்களிடம் உங்களில் மாப்பிள்ளை யார் என்று எப்படிக் கேட்பது?

அப்பாவும் அம்மாவும் மாமாவும் குசினிக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் அவசரமாகக் கூடினார்கள். நானும் கூடவே போனேன். மாமா கணிதக்காரர் என்பதால் படிப்படியாக நிறுவினார். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மாப்பிள்ளை. துணைக்கு வருகிறவன் பெட்டி தூக்க மாட்டான். நீளக்கைச் சட்டையும் போட்டிருக்கிறார். அம்மா, ஆள் நல்ல உயரம் என்று சேர்த்துக்கொண்டார். அப்பா, முதலில் பேர் சொன்னதும் அவர்தான் என்றார். தீர்ப்பு முடிந்தது. குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த சின்னம்மாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நெட்டை சிவாவுக்கு டிவிக்கு நேரெதிரில் அப்பாவின் சொந்தக் கதிரை கொடுக்கப்பட்டது. அதில் மாமாவையே அப்பா உட்கார விட்டதில்லை. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமா, முன்னால் றோல்ஸ், பற்றிஸ், வடை, கேக். கண்ணாடி சிவாவுக்கு இடமில்லாமல் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக் குசினி வாசலோரம் போட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் தரையில் நான் இருந்தேன். அவருடைய தட்டில் ஒரு வடை மட்டும் இருந்தது. அதுவும் நான் கொடுத்தது.

நெட்டை சிவா மிகவும் நல்ல மனிதர். குத்துச்சண்டை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அடி விழும்போதெல்லாம் தன் கன்னத்தில் விழுந்தது போலக் கண்ணை மூடினார். தென்னமரத்துக்குத்தான் அடுத்த சண்டை கொடுக்க வேண்டும் அல்லவா என்று அப்பா கேட்டதற்கு, "ஓம் அங்கிள், அவருக்குத்தான்" என்றார். கிழவனை இப்படிக் காக்க வைப்பது நியாயமா என்று மாமா கேட்டதற்கு, "சரியான அநியாயம் அங்கிள்" என்றார். இரண்டு பேரும் தங்களுக்கே வெற்றி என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா வேறு சண்டையில் இறங்கியிருந்தார். மெல்பேர்னில் குளிர் கூடவோ, வீடு பெரிசோ, தம்பி சமைப்பீங்களோ என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். வீடு நாலு அறை, பின்வளவில் தேசிக்காய் மரம் என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்து, தட்டில் மேலும் இரண்டு றோல்ஸ் விழுந்தன.

இங்கே வாசலோரத்தில் கண்ணாடி சிவா, யாருக்கும் சொல்லாமல் தனக்குத்தானே, "உவருக்கு இடதுகைக்காரரைக் கண்டாப் பயம்" என்றார். சாம்பியனைத்தான் சொன்னார். அப்பா சூட்டிய பெயர்களையும் அவர் அதற்குள் கேட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து சின்னம்மா திரும்பினார். கையில் எண்ணெய் வடிகிற கண்ணகப்பை.

"அப்ப இடக்கையனுக்குத்தானே அடுத்த சண்டை குடுக்க வேணும்?"

"பயம் எண்டது வேற, தகுதி எண்டது வேற. நான் கிழவன்ர பக்கம். எவ்வளவு காலமா நிக்கிறான்!"

"காத்திருக்கிறது ஒரு தகுதியோ? அப்பிடிப் பாத்தா பஸ் ஸ்ராண்டில நிக்கிற எல்லாருக்கும் சாம்பியன் பெல்ட் குடுக்க வேணும்."

கண்ணாடி சிவா சிரித்த சிரிப்பில் வடைத்துண்டு புரையேறிவிட்டது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வந்து பார்த்தால் சின்னம்மா குசினி வாசலில் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் வாதத்தின் நடுவில் இருந்தார்கள். அவர் கிழவனின் வலதுகைக் குத்தைச் சொன்னால் சின்னம்மா கிழவனின் கால்கள் ஓய்ந்துவிட்டதைச் சொன்னார். இவர் இடக்கையனின் நெஞ்சுரத்தைச் சொன்னால் அவர் அவனுடைய தற்காப்பில் உள்ள ஓட்டையைச் சொன்னார். சின்னம்மாவை எதிர்த்து இவ்வளவு நேரம் தாக்குப் பிடித்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் விட்டுக்கொடுக்காமல் நின்றது எனக்குக் கோபமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. அடுப்பில் றோல்ஸ் கருகியது. அம்மாவுக்கு அந்த மணம் போய்ச் சேரவில்லை. அவர் இன்னமும் நாலு அறை வீட்டுக்குள்தான் நின்றார்.

டிவியில் சாம்பியன் நான்காம் றவுண்டிலேயே எதிராளியைப் படுக்க வைத்துவிட்டார். அடுத்தது யார் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அப்பாவும் மாமாவும் ஒரே குரலில் அவரைத் திட்டினார்கள். அந்தக் களேபரத்தில்தான் நெட்டை சிவா மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினார். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அம்மா தட்டை நீட்டினார்.

"போதும் அன்ரி. குறை நினையாதேங்கோ, ரெண்டு றோல்ஸ் சுத்தித் தருவீங்களே? வைஃபுக்கு நல்ல விருப்பம்."

"ஆருக்கு?" என்றார் மாமா.

"வைஃபுக்கு. சின்னவளும் சாப்பிடுவாள்."

அம்மாவின் கையில் இருந்த தட்டு சரிந்து ஒரு பற்றிஸ் உருண்டு போனது. அப்பா ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாரோ என்னவோ, டிவியின் சத்தம் அடியோடு நின்றது. வீடு முழுவதும் அமைதியாகிவிட்டது. எல்லோரும் ஒன்றாகத் திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தார்கள். அங்கே இருந்த இருவருக்கும் இது ஒன்றும் தெரியாது. கண்ணாடி சிவா சின்னம்மாவிடம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். சின்னம்மா கண்ணகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். அந்த அமைதியில் ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இடக்கையன் எப்பிடித் தோத்தவன் எண்டு கேட்டீங்கள். ரெண்டு தோல்வியை எல்லாரும் பாத்தவை. மூண்டாவது ஒண்டும் இருக்கு. அதை ஒருத்தரும் நேர கதைக்கிறேல்லை. அண்டைக்கு அவன் வெளிக்கிட்டு, மேடையில ஏறி நிண்டவன். சனமெல்லாம் வந்திருந்தது. எதிராளி வரேல்லை."

"வரவே இல்லையோ?"

"வரேல்லை. ஒரு போன்கூட எடுக்கேல்லை. சனம் ஒவ்வொருத்தரா எழும்பிப் போகுமட்டும் நிண்டிட்டு, பிறகு போட்டிருந்ததெல்லாம் கழட்டி வச்சிட்டு வந்திட்டான். அண்டையில இருந்து எல்லாரும் அதை அவன்ர தோல்வி எண்டுதான் சொல்லினம்."

"எங்க நடந்தது?"

"லண்டனில."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா தரையைப் பார்த்தார். கண்ணாடி சிவா கண்ணாடியைக் கழற்றி, ரீசேட்டின் நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எதிராளி வராட்டி அது தோல்வியில்லை. வந்து நிண்டவனுக்குத்தான் வெற்றி. சட்டம் அப்பிடித்தான்."

"சட்டம் அப்பிடி. சனம் அப்பிடியில்லை."

"சனமோ புள்ளி போடுறது?" என்றார் அவர். "என்னைக் கேட்டா அடுத்த சண்டை அவனுக்குத்தான் குடுக்க வேணும்."

"அப்ப உங்கட கிழவன்?"

"கிழவன் இன்னும் கொஞ்சம் நிக்கட்டும். அவனுக்குப் பழக்கம்தானே."

சின்னம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தார். குசினிப் புகையாக இருக்கும் என்று நான் நினைத்தேன். ஏனென்றால் அந்த நேரம் என் மனம் வேறொன்றில் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னம்மா சொன்னது பிழை. அப்படியொரு சண்டை கிடையாது. இடக்கையன் லண்டனுக்குப் போனதே இல்லை. கசற் கசற்றாகப் பார்த்து அவனுடைய சண்டைகள் எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். எழுந்து நின்று அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா எங்கிருந்து அவ்வளவு வேகமாக வந்தாரோ தெரியாது, ஒரு முழு றோல்ஸ் என் வாய்க்குள் போயிற்று. நான் அதை மென்று விழுங்குவதற்குள் இரண்டு சிவாவும் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெட்டை சிவாவின் கையில் றோல்ஸ் பொதி. கண்ணாடி சிவா எல்லோரையும் பார்த்து, கடைசியாகச் சின்னம்மாவைப் பார்த்து, "அப்ப போட்டு வாறன்" என்றார்.

அவர் அடுத்த மாதமே திரும்பி வந்தார், இந்த முறை சும்மா இல்லை. சொந்தக் கதிரையை அப்பா அவருக்குக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர் எனக்குச் சித்தப்பா ஆனார். சின்னம்மா கிரான்பர்னுக்குப் போனார். வெறுமையான கட்டிலைப் பார்த்து நான் ஒரு கிழமை அழுதேன். பிறகு பள்ளிக்கூட விடுமுறை எல்லாவற்றையும் கிரான்பர்னிலேயே கழிக்கலாம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அங்கேயும் ஞாயிறு மத்தியானம் சண்டைதான். இருவரும் இன்றுவரை ஒரு தீர்ப்பில்கூட ஒத்துப்போனதில்லை. சாம்பியனோ மூன்று பேரையும் விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் ஒருவரும் பேர் சொல்லாத நாலாவது ஆள் ஒருவனோடு மோதினார். அதற்காக அப்பாவும் மாமாவும் மறுபடியும் ஒரே பக்கத்தில் நின்று சத்தம் போட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று கார் போன கையோடு நான் அப்பாவிடம் போனேன். அம்மாவும் மாமாவும் வாசலில் நின்று யார் முதலில் பெட்டியைப் பற்றிப் பேசியது என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள். குசினியில் சின்னம்மா றோல்ஸ் பொரித்துக் கருகிய தாச்சியைத் தேய்த்துக்கொண்டு மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். அப்பா சத்தமில்லாத டிவிக்கு முன்னால் தனியாக இருந்தார்.

சின்னம்மா இன்றைக்குப் பெரிய பிழை விட்டுவிட்டார் என்றேன். இடக்கையனுக்கு இரண்டு தோல்விதான், இரண்டும் புள்ளிக் கணக்கில், எதிராளி வராமல் விட்ட சண்டை ஒன்றுகூட இல்லை என்று அடுக்கினேன். றவுண்ட் கணக்கில் ஒரு பிழை என்றால் சாப்பாட்டை விட்டு எழும்பி மாமாவுக்குப் போன் பண்ணுகிற மனிதர் அப்பா. இதைக் கேட்டுத் துள்ளுவார் என்று பார்த்தேன். அவர் என்னைத் தன் பக்கத்தில் இழுத்து இருத்தினார்.

"இல்லை பிள்ளை. சின்னம்மா சொன்னது சரி. அப்பிடி ஒரு சண்டை நடந்ததுதான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அலுமாரியில் இருந்த கசற்றுகளை அள்ளிக்கொண்டு வந்து அவருடைய மடியில் கொட்டினேன். எதில் இருக்கிறது, காட்டுங்கோ என்றேன். அப்பா ஒன்றையும் தொடவில்லை. "எல்லாரும் அவளைத்தான் தோத்தவள் எண்டவை" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வேட்டித் தலைப்பை எடுத்து இரண்டு கண்களையும் அழுத்தித் துடைத்தார்.

அப்பா அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. இடக்கையனை ஏன் 'அவள்' என்றார் என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாதத்தில் தோற்றுப்போனால் பெரிய ஆட்களுக்கும் அழுகை வரும்போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. கசற்றுகளைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு, நான்தான் வென்றேன் என்ற பெருமையை முகத்தில் காட்டாமல் அங்கிருந்து போனேன்.